தற்குறி, கைநாட்டு, எழுத்தறிவு: இந்தச் சொற்கள் எங்கிருந்து வந்தன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலம் அம்மாப்பேட்டையில் பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தரும் ஒரு மாலை வகுப்புக்கு ஆறு வருடமாகப் போய்க்கொண்டிருக்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் தறியில் வேலை பார்த்தவர்கள். மீதிப் பேர் செவ்வாய்ப்பேட்டை மண்டியில் மூட்டை தூக்கினவர்கள், வீட்டு வேலைக்குப் போகிறவர்கள், ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் காலம் கழித்துவிட்டு மகன் வீட்டோடு கீழே இறங்கி வந்தவர்கள். அவர்களும் அவர்களைக் கூட்டிவரும் பேரப்பிள்ளைகளும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

'தற்குறி' என்பது திட்டுகிற சொல்தானே?

இப்போது திட்டுகிற சொல்தான். டீக்கடையிலும் வாட்ஸ்அப்பிலும் பட்டம் வாங்கின ஒருவர் பட்டம் வாங்கின இன்னொருவரைத் தற்குறி என்று திட்டுவதைப் பார்க்கிறோம். ஆனால் பிறந்தபோது அது ஆளைக் குறிக்கவே இல்லை. பொன் + குடம் பொற்குடம் ஆகிற மாதிரி தன் + குறி தற்குறி ஆயிற்று. தன்னுடைய குறி, அவ்வளவுதான் பொருள். எழுதத் தெரியாத ஒருவர் நிலத்தை விற்கிறார், கடன் வாங்குகிறார், கோயிலுக்கு எதையோ எழுதிக் கொடுக்கிறார் என்றால் ஆவணத்தின் கடைசியில் கையெழுத்துக்குப் பதிலாக ஒரு அடையாளம் இடுவார், அந்த அடையாளத்துக்குப் பெயர்தான் தற்குறி. பக்கத்திலேயே எழுதத் தெரிந்த ஒருவர் 'இது இன்னார் இட்ட குறி' என்று எழுதித் தன் பெயரையும் போடுவார். இப்படிச் சாட்சி சொல்வதற்கென்றே பழைய சாசனங்களில் 'தற்குறி மாட்டெறிதல்' என்று ஒரு தொடர் இருக்கிறது.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒன்றுமே இல்லாதவரிடம் யாரும் குறி கேட்க மாட்டார்கள். விற்க நிலம் உள்ளவர், வாக்குக்கு மதிப்பு உள்ளவர், அவருடைய சம்மதம் இல்லாமல் காரியம் நடக்காது என்கிற நிலையில் இருப்பவர், அவர்தான் தற்குறி இட முடியும். அதாவது இந்தச் சொல்லுக்குள் ஒரு உரிமை இருந்தது. அப்புறம் குறியின் பெயர் குறி போட்டவர் மேல் ஏறிக்கொண்டது. இலக்கணத்தில் இதை ஆகுபெயர் என்பார்கள். ஆகுபெயர் ஆனதில் எனக்கு வருத்தம் இல்லை, அது எல்லா மொழியிலும் நடக்கும். வசையாக ஆனதுதான் வருத்தம்.

கைநாட்டு என்கிறார்களே, அது எந்த நாடு?

மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் பாட்டியோடு வந்து கேட்ட கேள்வி இது. அவன் கேட்டதில் நியாயம் இருக்கிறது, ஏனென்றால் அவர்களுடைய பூர்வீகம் சேர்வராயன் மலை, அங்கே மலையாளி மக்களின் ஊர்கள் சேலநாடு, முட்டநாடு, மோகநாடு என்று மூன்று நாடுகளாகத்தான் பிரிந்திருக்கின்றன. (மலையாளி என்றதும் கேரளத்தை நினைக்க வேண்டாம், மலையை ஆள்பவர்கள், தமிழ் பேசுகிறவர்கள்.)

கைநாட்டில் இருப்பது வேறு. நாட்டுதல் என்றால் ஊன்றி நிறுத்துதல். முகூர்த்தக்கால் நாட்டுகிறோம், அடிக்கல் நாட்டுகிறோம், ஒன்றை நிரூபித்தால் நிலைநாட்டினார் என்கிறோம். அப்படிக் கையை ஆவணத்தில் ஊன்றி 'இது என் சொல்' என்று நிறுத்துவது கைநாட்டு. இங்கேயும் பாருங்கள், சொல்லுக்குள் இருப்பது உறுதிதான். அதை வைத்து ஆளைக் 'கைநாட்டு' என்று கூப்பிடுகிறோம். எங்கள் வகுப்புக்கு வரும் ஒரு அம்மா முதல் நாள் சொன்ன காரணமே அதுதான்: பணம் எடுக்கப் போன இடத்தில் ஒருவர் வரிசையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி "கைநாட்டா? அப்படி ஓரமா நில்லுங்க" என்றாராம். அறுபத்து நாலு வயதில் சிலேட்டு வாங்கிக்கொண்டு வந்தார்.

கைரேகை வைக்கும் பழக்கம் வெள்ளைக்காரன் கொண்டுவந்ததா?

குறி இடுவது நம்மிடம் பழையது. விரல் ரேகையை அரசு வேலைக்கு முறையாகப் பயன்படுத்தத் தொடங்கியது ஆங்கிலேயர் காலத்தில், அதுவும் இந்தியாவில்தான். 1858-இல் வங்காளத்தில் ஜங்கிப்பூரில் அதிகாரியாக இருந்த வில்லியம் ஹெர்ஷல், சாலைக்குச் சரளை கொடுக்க ஒப்புக்கொண்ட கோனாய் என்கிற ஒப்பந்தக்காரரின் முழு உள்ளங்கையை ஒப்பந்தத்தின் பின்பக்கம் பதிய வைத்தார். பின்னால் 'நான் சொல்லவே இல்லை' என்று பின்வாங்காமல் இருக்கட்டும் என்று செய்த ஏற்பாடு. ரேகை மாறாது, ஒருவருடையது இன்னொருவருக்கு வராது என்பதெல்லாம் பிறகுதான் அவருக்குப் பிடிபட்டது. 1897-இல் கல்கத்தாவில் கைரேகைக் கூடம் தொடங்கியது. ரேகைகளை வகை பிரிக்கும் முறைக்கு ஹென்றி என்ற ஆங்கில அதிகாரியின் பெயர் வைத்தார்கள், அதில் பெரும் உழைப்பு அவருக்குக் கீழே வேலை பார்த்த அஜிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இருவருடையது.

2001-இல் பதிவுச் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது. அதன்படி சொத்தை எழுதிக் கொடுப்பவர், வாங்குபவர் இருவரும், எம்.ஏ. படித்திருந்தாலும், போட்டோ ஒட்டி விரல் ரேகை வைக்க வேண்டும். ரேஷன் கடையிலும் எல்லோரும் விரலைத்தான் வைக்கிறோம். கையெழுத்தைவிடக் கைநாட்டைத்தான் அரசாங்கம் அதிகமாக நம்புகிறது என்று வகுப்பில் சொன்னபோது பலருக்கு முகம் மலர்ந்தது.

'எழுத்து' என்ற சொல் எங்கிருந்து வந்தது?

'எழுதுதல்' முதலில் படம் வரைவதற்கும் சேர்த்துத்தான் வழங்கியது. ஓவியம் எழுதினார்கள், கண்ணுக்கு மை எழுதினார்கள். 'எழுதுங்கால் கோல்காணாக் கண்ணேபோல்' என்று குறள் தொடங்கும்போது (1285) அங்கே எழுதப்படுவது மை, கோல் என்பது மை தீட்டும் கோல். இன்றும் பேச்சில் 'கண்ணுக்கு மை எழுதி' என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள்.

'எழுத்து' இன்னும் சுவாரசியம். தொல்காப்பியம் 'எழுத்தெனப் படுப அகரமுதல் னகர இறுவாய் முப்பஃ தென்ப' என்கிறபோது அந்த எழுத்து வாயில் பிறக்கும் ஒலியையும் குறிக்கிறது. மெய்யெழுத்து அரை மாத்திரை, குறில் ஒரு மாத்திரை என்று பள்ளியில் படித்தோமே, மாத்திரை என்பது நேர அளவு, தாளில் கிடக்கும் வடிவத்துக்கு ஏது நேரம்? ஒலிக்குத்தான் நேரம். அதனால் தமிழைச் சரியாகப் பேசுகிற ஒவ்வொருவர் வாயிலும் முப்பது எழுத்தும் ஏற்கெனவே இருக்கின்றன. வகுப்பில் முதல் நாள் நான் சொல்வது இதைத்தான். புதிதாகக் கற்கப்போவது அந்த ஒலிக்கு ஒரு உருவம், அவ்வளவே.

ஆங்கிலத்தில் 'ரைட்' என்ற வினை பழங்காலத்தில் கீறுவதைக் குறித்தது. லத்தீனில் எழுதுவதைக் குறிக்கும் வினைக்கும் அதே கீறல்தான் வேர். அவர்கள் கல்லிலும் மரத்திலும் கீறினார்கள், நாம் பனையோலையில் எழுத்தாணியால் கீறினோம். குழந்தை தாறுமாறாக எழுதினால் கிறுக்கல் என்கிறோம்.

படி, வாசி, ஓது, கல்: எல்லாம் ஒன்றா?

இல்லை, நன்றாகவே வேறுபடும்.

வாசித்தல் வடமொழியில் பேச்சைக் குறிக்கும் 'வாச்' என்பதிலிருந்து வந்தது, வாய்விட்டுச் சொல்வது. அதனால்தான் நாதஸ்வரத்தையும் வாசிக்கிறோம், கடிதத்தையும் வாசிக்கிறோம். ஓதுதல் மனப்பாடமாகச் சொல்வது, கோயிலில் தேவாரம் பாடுகிற ஓதுவாரை நினைத்துக்கொள்ளுங்கள். 'படி' என்பதை வடமொழி 'பட்' என்ற வினையோடு சேர்ப்பவர்கள் உண்டு, மனசில் படிவதுதான் படிப்பு என்று தமிழ் வேர் காட்டுபவர்களும் உண்டு, இரண்டு பக்கமும் அறிஞர்கள் நிற்கிறார்கள்.

'கல்' பற்றித்தான் அடிக்கடி சண்டை வரும். கல்லுதல் என்றால் தோண்டுதல், ஆகவே மனசைத் தோண்டுவது கல்வி என்று மேடையில் சொல்வார்கள். 'தொட்டனைத் தூறும் மணற்கேணி' குறளைப் பக்கத்தில் வைத்தால் கேட்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் படித்தவன் 'கற்றான்', தோண்டியவன் 'கல்லினான்'. இரண்டு வினையும் ஒரே மாதிரி நடக்கவில்லை. கன்னடத்தில் கற்பதற்குக் 'கலி' என்கிறார்கள், அதுதான் நம் கல்லுக்கு உடன்பிறப்பு. அழகான விளக்கம் எல்லாம் சரியான விளக்கம் ஆகிவிடாது.

முக்கியமான வேறுபாடு ஒன்று. 'கல்' என்பதில் எழுத்து கட்டாயம் இல்லை. நீச்சல் கற்கலாம், நெசவு கற்கலாம். 'கல்லாதவர்' என்பதற்கு 'எழுத்துத் தெரியாதவர்' என்று நேராகப் பொருள் எடுத்துவிடக் கூடாது.

நூல் என்றால் புத்தகமும் நூல், தறியில் இருப்பதும் நூல். எப்படி?

அம்மாப்பேட்டையில் இந்தக் கேள்வி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வியும் இதுதான்.

இரண்டும் ஒன்றுதான் என்று நம் இலக்கணக்காரர்களே சொல்லிவிட்டார்கள். நன்னூலில் பவணந்தி முனிவர் ஒரு வெண்பா வைத்திருக்கிறார். அதில் சொல்தான் பஞ்சு, செய்யுள்தான் இழை, புலவன் நூற்கிற பெண், அவனுடைய வாய் அவளுடைய கை, அவனுடைய அறிவு நூல் சுற்றும் கதிர். இப்படி நூற்று முடிகிறதாம் நூல். புலவனுக்கு உவமையாக ராட்டையில் உட்காரும் ஒரு பெண்ணை வைத்திருக்கிறார் பாருங்கள். அடுத்த வெண்பாவில் தச்சர் கையில் இருக்கும் நூல் வருகிறது: மரத்தின் கோணலைத் தீர்ப்பது அந்த நூல், மனத்தின் கோணலைத் தீர்ப்பது இந்த நூல்.

புத்தகத்துக்குப் 'பனுவல்' என்று இன்னொரு பெயர். புறநானூற்றில் (125) 'பருத்திப் பெண்டின் பனுவல் அன்ன' என்று வரும் இடத்தில் அது பருத்தி வேலை செய்யும் பெண்ணின் கையில் இருக்கும் பஞ்சு. அகராதியில் 'பா' என்று தேடினால் செய்யுளும் வரும், நெசவுக்குப் போடும் பாவும் வரும். இங்கிலீஷ்காரர் 'டெக்ஸ்ட்' என்கிறதும் நெய்வதைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான், நம் ஊர்க் கடைப் பலகையில் எல்லாம் இருக்கும் 'டெக்ஸ்டைல்' அதன் தங்கச்சி. நாற்பது வருடம் தறியில் உட்கார்ந்த ஒருவரிடம் இதைச் சொன்னேன். "அப்ப நாங்கதான் முதல்ல, புஸ்தகம் அப்புறம்தானுங்களே" என்றார். ஆமாங்க, சொல் வந்த வரிசைப்படி அப்படித்தான்.

எஸ்டேட்டில் 'கணக்கப்பிள்ளை' என்பார்கள். கணக்குக்கும் எழுத்துக்கும் என்ன சம்பந்தம்?

ஏற்காட்டில் காப்பி வந்தது 1820-களில், சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில். தோட்டம் வந்த பிறகு கூலியாட்களை மேற்பார்க்கும் கங்காணியும் கணக்கப்பிள்ளையும் வந்தார்கள். ஆள் பேர் போடுவது, எடை எழுதுவது, கூலியில் பிடித்தம் எழுதுவது எல்லாம் கணக்கப்பிள்ளை கையில். எழுதுகிறவரையே 'கணக்கு' என்ற சொல்லால் அழைப்பது அதற்கெல்லாம் மிக முந்தியது. அரிச்சுவடியில் இருக்கும் மொத்த எழுத்து வரிசைக்கே நெடுங்கணக்கு என்றுதான் பெயர். எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறவர் கணக்காயர். திருக்குறள் இருக்கும் தொகுப்பு பதினெண்கீழ்க்கணக்கு. எண்ணும் எழுத்தும் ஒரே வீட்டுப் பிள்ளைகளாக இருந்திருக்கின்றன. 'எண்ணென்ப ஏனை எழுத்தென்ப' என்ற குறளில் எண்தான் முதலில் வருகிறது. 2022-இல் அரசு தொடங்கிய சின்னப்பிள்ளைகள் திட்டத்துக்கும் 'எண்ணும் எழுத்தும்' என்றே பெயர் வைத்தார்கள், நல்ல பெயர்.

'ஏடு' ஓலையின் இதழ். அதிலிருந்து பேரேடு, நாளேடு. தோட்டத்தில் வேலை பார்த்த ஒரு பெரியம்மா சொன்னார், பேரேட்டில் தன் பேருக்கு நேராக என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே முப்பது வருடம் விரல் வைத்தாராம். அவர் எங்கள் வகுப்பில் முதலில் கேட்டுக் கற்றது தன் பெயரை அல்ல, எண்களைத்தான்.

பள்ளிக்கூடம், பள்ளி கொள்ளுதல்: இரண்டு பள்ளியும் ஒன்றா?

ஒன்றுதான். பள்ளி என்றால் படுக்குமிடம், தங்குமிடம். சமண, பௌத்தத் துறவிகள் தங்கிய இடம் பள்ளி, அங்கே பாடம் நடந்ததால் பாடம் நடக்கும் இடமெல்லாம் பள்ளி ஆயிற்று. சேலம் பெரியேரியில் தலைவெட்டி முனியப்பன் என்று கும்பிட்டுவந்த சிலை புத்தருடையது என்று 2022-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது ஞாபகம் இருக்கும். இந்தப் பக்கமும் பௌத்தம் இருந்தது என்பதற்கு அதைவிடப் பக்கத்துச் சாட்சி வேண்டாம்.

மற்ற மொழிகளில் எழுதத் தெரியாதவரை எப்படிச் சொல்கிறார்கள்?

நம் வகுப்பிலேயே வீட்டில் தெலுங்கு, கன்னடம் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள், அதனால் இது அடிக்கடி வரும்.

தெலுங்கில் எழுத்தறிவுக்கு 'அக்ஷராஸ்யத' என்பார்கள். ஆஸ்யம் என்றால் வாய். வாயில் எழுத்து உள்ளவர். வடமொழியில் 'நிரக்ஷரகுக்ஷி', எழுத்தே இல்லாத வயிறு. பழைய தமிழ் நூல்களிலும் இந்தச் சொல்லைப் பார்க்கலாம், இது கொஞ்சம் கொடூரமான சொல். சீன மொழியில் 'வென்மாங்', எழுத்துக்குருடு. நம் குறளும் (393) கற்றவருக்குத்தான் கண், கல்லாதவர் முகத்தில் இருப்பது இரண்டு புண் என்கிறது. கேட்டதும் பெரியவர்கள் அடிபட்ட மாதிரி உட்கார்ந்துவிடுவார்கள், அதனால் அந்தக் குறளை வகுப்பில் நான் சொல்வதில்லை. ஒருவருக்கு வாய், ஒருவருக்கு வயிறு, ஒருவருக்குக் கண். நம் பேச்சுத் தமிழ் மட்டும் கையைப் பிடித்துக்கொண்டது: கையெழுத்து, கைநாட்டு.

ஆங்கிலத்தில் ஒரு விசித்திரம். எழுத்தறியாமையைக் குறிக்கும் 'இல்லிட்ரசி' 17-ஆம் நூற்றாண்டிலேயே இருந்தது, எழுத்தறிவைக் குறிக்கும் 'லிட்ரசி' 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் வருகிறது. குறைக்கு முதலில் பெயர், நிறைவுக்கு இருநூறு வருடம் கழித்து. இன்னொன்று, இடைக்கால ஐரோப்பாவில் அந்தச் சொல்லின் லத்தீன் மூலத்துக்கு லத்தீன் தெரிந்தவர் என்று அர்த்தம். தாய்மொழியை மட்டும் படிக்கத் தெரிந்தவர் அந்தக் கணக்கில் வரமாட்டார்.

'எழுத்தறிவு' அரசாங்கம் உண்டாக்கிய சொல்லா?

அரசாங்கம் பரப்பிய சொல். 'எழுத்தறிவித்தவன் இறைவன் ஆகும்' என்று அதிவீரராம பாண்டியர் வெற்றிவேற்கையில் 16-ஆம் நூற்றாண்டிலேயே சொல்லிவிட்டார். 1966-இல் யுனெஸ்கோ செப்டம்பர் 8-ஐ எழுத்தறிவு நாளாக அறிவித்தது, 1990-களில் அறிவொளி இயக்கம் ஊர் ஊராக வந்தது. இன்றும் 'நான் அறிவொளியில படிச்சேன்' என்று பெருமையாகச் சொல்கிற அம்மாக்கள் உண்டு.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஏழு வயதும் அதற்கு மேலும் உள்ளவர், ஏதாவது ஒரு மொழியில் புரிந்து படிக்கவும் எழுதவும் தெரிந்தால்தான் எழுத்தறிவு பெற்றவர். படிக்க மட்டும் தெரிந்தால் போதாது. 1951-இல் நாடு முழுவதும் எழுத்தறிவு பெற்றவர்கள் 18 சதவீதம்தான். 2011-இல் தமிழ்நாட்டில் 80, சேலம் மாவட்டத்தில் சுமார் 73. நம் மாவட்டம் மாநிலத்துக்கு இவ்வளவு பின்னால் நிற்பது எனக்குத் தூக்கம் கெடுக்கிற விஷயம்.

பாமரன்?

வடமொழிச் சொல். அங்கே இழிந்தவன் என்ற பொருளும் உண்டு. தமிழில் சாதாரண மனிதர் என்ற அளவுக்கு இறங்கி இதமாகிவிட்டது. நான் பயன்படுத்துவதில்லை.

படிக்காமலே விஷயம் தெரிந்தவர்களுக்கு ஒரு சொல் இல்லையா?

இருக்கிறது, 'கேள்வி'. கேள், கேள்வி. இன்று வினாவைக் குறிக்கிறது, பழைய பொருள் காதால் கேட்டு அறிவது. குறளில் கல்வி, கல்லாமை என்ற இரண்டு அதிகாரத்துக்கு அடுத்ததாகவே கேள்வி அதிகாரம் வருகிறது. 'கற்றில னாயினுங் கேட்க' என்று அதில் ஒரு குறள் (414). கேள்வி ஞானம் என்று நாம் சொல்வது இதைத்தான். எங்கள் அம்மாயிக்கு எழுத்து தெரியாது, ஆனால் ராமாயணத்தில் எந்த இடத்தில் நிறுத்தினாலும் அடுத்ததைச் சொல்வார்.

சரி, எழுதப் படிக்கத் தெரியாதவரை எப்படித்தான் சொல்வது?

'எழுதப் படிக்கத் தெரியாதவர்' என்றே சொல்லலாம், நீளமாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். படிவம் நிரப்பித் தருகிற இடத்தில் அதையும் சத்தமாகக் கேட்கத் தேவையில்லை. பழைய பஸ் நிலையத்தில் யாராவது உங்களிடம் "கண்ணாடி எடுத்துட்டு வரலீங்க தம்பி, இது எங்க போற வண்டின்னு பாத்துச் சொல்லுங்க" என்றால் கண்ணாடியைப் பற்றிப் பேசாமல் பலகையைப் படித்துச் சொல்லிவிடுங்கள்.

எங்கள் பாட்டிக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். அது எழுத்தறிவா?

கணக்கெடுப்பின்படி இல்லை. ஆனால் அவர்களை வகுப்புக்குக் கூட்டி வாருங்கள், பாதி வேலை முடிந்துவிட்டது. பெயரில் இருக்கும் எழுத்துகளிலிருந்தே தொடங்கலாம். 'பழனியம்மாள்' என்று எழுதத் தெரிந்தவருக்கு ப, ழ, னி, ய, ம், மா, ள் கையில் இருக்கின்றன. அதை வைத்தே பழம், பயம், மாமா, பள்ளம் என்று போய்விடலாம். ஓட்டை போட்ட அட்டைகளை வைத்துப் பூவேலை நெய்யும் ஜக்கார்டு தறியில், அட்டையின் ஓட்டையைப் பார்த்தே புட்டாவில் (அந்தப் பூவேலையில்) எந்த வரி தப்பியது என்று சொல்லிப் பழகினவராக இருந்தால் இன்னும் சுலபம். நாங்கள் திங்கள் முதல் வெள்ளி வரை மாலை ஆறரைக்கு உட்காருகிறோம், சிலேட்டும் பல்பமும் அங்கேயே இருக்கும்.